பாலை மன்னிக்கலாம், மெழுகுவர்த்தியை?

கேள்வி: மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் நாலு நாள் கரண்ட் இல்லை, தண்ணீரும் வடியவில்லை. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி 20 ரூபாய் ஆவின் நீலப் பாக்கெட்டை 50 ரூபாய்க்குக் கொடுத்தார். எப்போதும் 5 ரூபாய்க்கு விற்கும் மெழுகுவர்த்தி 20 ரூபாய். 35 ரூபாய் தண்ணீர் கேன் 80 ரூபாய். காய்கறி வண்டிக்கார அம்மாவும் தக்காளியை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார். மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டை மூன்றாம் நாள்தான் திறந்தார்கள். எல்லாம் எம்ஆர்பி விலைதான், ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் பத்துப் பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு போனார், எனக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி கடை வாசலை இனி மிதிக்கக் கூடாது என்கிறார் கணவர். எனக்கு அங்கே பல வருடமாகக் கணக்கு நோட்டு ஓடுகிறது. யாரிடம் வாங்குவது?
- வாசகி, பெரும்பாக்கம்

பதில்:

முதலில் அந்த வண்டிக்கார அம்மாவை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுங்கள். தக்காளிக்கு எம்ஆர்பி கிடையாது. அன்றன்றைக்குக் கோயம்பேட்டில் என்ன விலையோ அதைக் கொடுத்து எடுத்துவந்து அன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்கு அது. லாரி வரவில்லை என்றால் மார்க்கெட்டிலேயே விலை ஏறிவிடும், அதை அவர் தலையில் கட்டிக் கேள்வி கேட்பது நியாயமில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியதே, ரேஷன் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்றதே, அப்போது தள்ளுவண்டிக்காரர்கள் எல்லாம் பணக்காரர் ஆகிவிட்டார்களா என்ன? கிலோ கேட்டவர்கள் கால் கிலோ கேட்டார்கள், அதிலும் பொறுக்கி எடுத்தார்கள், அழுகியது அத்தனையும் வண்டிக்காரர் கணக்கில் போனது. முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் தொடர்ந்து வாங்குங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அண்ணாச்சி விஷயம்தான் சிக்கல். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் இது தெளிவாக இருக்கிறது, புயல், வெள்ளம் என்று எந்த விலக்கும் இல்லை. (குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று ரெண்டு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்களே, அதுவும் இதே தப்புதான். வெயில் காலத்தில் அதை முணுமுணுக்காமல் கொடுத்துப் பழகிவிட்டு, மழைக்காலத்தில் முப்பது ரூபாய்க்குக் கொதிக்கிறோம்.) ஆக, சட்டம் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை, இனி யாருக்கு உங்கள் காசு போக வேண்டும் என்பதைப் பற்றியது. அதற்கு அவர் அந்தப் பாலை என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரிய வேண்டும்.

அந்த வாரம் ஆவின் பண்ணைகளுக்கே ஆள் போக முடியவில்லை, வழக்கமாக விடிகாலையில் தெருவுக்கு வரும் பால் வண்டியும் பல இடங்களில் வரவில்லை. டூ வீலரைத் தள்ளிக்கொண்டு எங்கோ போய், அங்கே இருந்த ஏஜென்ட் 40 ரூபாய் கேட்டு, அதைக் கொடுத்து எடுத்துவந்து 50 என்று விற்றிருந்தால், சட்டப்படி இருவருமே குற்றவாளிகள்தான். இருந்தாலும் மனசாட்சிப்படி நான் அண்ணாச்சியைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். பால் வழக்கம்போல அவர் கடை வாசலுக்கே வந்து இறங்கி, அதை 50-க்கு விற்றிருந்தால் கதையே வேறு. இதை அவரிடமே நேரில் கேட்டுவிடுங்கள். ‘அண்ணாச்சி, அன்னிக்கு பால் உங்களுக்கு என்ன ரேட்டுக்கு வந்துச்சு?’ அவ்வளவுதான். உண்மையிலேயே அலைந்து எடுத்துவந்தவர் யாரிடம் வாங்கினார், எங்கே வண்டி நின்றுபோனது என்று மூச்சுவிடாமல் சொல்வார். சொல்ல ஒன்றும் இல்லாதவர் ‘எல்லாரும் அந்த ரேட்டுக்குத்தாம்மா வித்தாங்க’ என்பார்.

பால் விஷயத்திலாவது இப்படி இரண்டு பக்கம் பேசலாம். என்னை உறுத்துவது மெழுகுவர்த்தி. புயலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்னால்தான் கார்த்திகை தீபம். மெழுகுவர்த்தி, அகல், திரி எல்லாம் எந்த மளிகைக் கடையிலும் அப்போது மிச்சம் கிடந்திருக்கும். அதை அவர் வெள்ளத்தில் நீந்திப் போய் வாங்கிவரவில்லை. பழைய விலைக்கு வாங்கிப் போட்ட பழைய சரக்கு. தெரு முழுக்க இருட்டு, குழந்தை வைத்திருப்பவர்கள் எப்படியும் வாங்கித்தான் தீருவார்கள் என்று தெரிந்து, டப்பாவைப் பிரித்து ஒவ்வொன்றாக 20 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். இதற்கு லாரியையும் சாக்குச் சொல்ல முடியாது, ஏஜென்டையும் சொல்ல முடியாது. தட்டுப்பாட்டில் விலை ஏற்றிய கடைக்காரரை எடைபோட, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த சரக்கை விட்டுவிட்டு, ஏற்கெனவே அலமாரியில் கிடந்த சரக்குக்கு என்ன விலை சொன்னார் என்றுதான் நான் பார்ப்பேன்.

சூப்பர் மார்க்கெட்காரர்கள் எம்ஆர்பிக்கு விற்றார்கள், நல்லது. ஆனால் அதற்காக மாலை போட வேண்டாம். பில் போடும் மெஷினில் விலையை ஏற்றி விற்றால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார்கள் என்பதும் ஒரு காரணம். பத்துப் பாக்கெட்டை ஒருவரிடமே தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்து நின்ற உங்களை வெறுங்கையோடு அனுப்பியதை என்னவென்று சொல்வது? 2020 மார்ச்சில் மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அந்த விலைக்குக் கேட்டால் பல மெடிக்கல் ஷாப்களில் ‘ஸ்டாக் இல்லை’ என்றுதான் பதில் வந்தது. விலையை மட்டும் கட்டுப்படுத்தினால், முந்துகிறவர் அள்ளிக்கொண்டு போவார், அல்லது தெரிந்தவர்களுக்கென்று சரக்கு உள்ளே போய்விடும். ஆளுக்கு ரெண்டு பாக்கெட் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்? அப்படி எழுதிப் போட்ட கடை உங்கள் ஏரியாவில் ஏதாவது இருந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இருந்தால், மாதச் சாமானை அங்கே வாங்குங்கள், கொஞ்சம் தூரமானாலும் சரி.

ஆப்பில் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அசாதாரணச் சூழ்நிலையைச் சாக்காக வைத்து நியாயமில்லாத விலை வைக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளிலும் இருக்கிறது. ஆனால் தெருவில் தண்ணீர் நிற்கும்போது எந்த ஆப்பும் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

கணவரின் கோபம் நியாயமானதுதான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், எதற்காகப் போனீர்கள் என்றே அண்ணாச்சிக்குத் தெரியாது, புதுசாய்த் திறந்த கடைக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். அதனால் முதலில் நோட்டில் இருக்கும் பாக்கியை முழுக்கக் கட்டிவிடுங்கள். கடன் இருக்கும்போது கேட்டால் நம் குரல் தானாக இறங்கிவிடும். அப்புறம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மெழுகுவர்த்தியைப் பற்றி முகத்துக்கு நேராகக் கேளுங்கள். வருத்தப்பட்டுப் பேசினால், அன்றாடத் தேவைக்கான தேங்காய், கொத்தமல்லி, இட்லி மாவு எல்லாம் அங்கேயே தொடரட்டும். மாதக் கடைசியில் கைமாத்தாகச் சாமான் கொடுத்த மனிதர், அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். எகிறிப் பேசினால் நோட்டை மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

இனிமேல் இப்படி நடந்தால் அப்போதே பில் கேளுங்கள், தர மறுத்தால் பாக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் 50 ரூபாய் போனது தெரியும், எதற்காகப் போனது என்று தெரியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நம் மாநிலத்தில் எம்ஆர்பி மீறலைத் தொழிலாளர் துறையினர் கவனிக்கிறார்கள், அவர்களிடமும் புகார் கொடுக்கலாம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் கேன் இப்போது என்ன விலை? மழை நின்று, சப்ளை சரியான பிறகு பழையபடி 35-க்கு வந்துவிட்டதா, இல்லை 80-இலிருந்து இறங்கி 45-இல் நின்றுவிட்டதா? 45 என்றால் கேன் போடும் ஆளை இன்றைக்கே மாற்றிவிடுங்கள், அதற்கு யாரிடமும் பேசிப் பார்க்க வேண்டியதில்லை.