வார்டு முடிவும் விக்கிப்பீடியாவும்: வாசகர் கேள்வி–பதில்

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளில் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. உள்ளூர்த் தேர்தல் முடிவுகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒழுங்காக ஏற்ற நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கல்லூரி மாணவர், தருமபுரி: எங்கள் நகராட்சியில் 33 வார்டுகள். வார்டுக்கு ஒரு கட்டுரை, ஜெயித்தவருக்கு ஒரு கட்டுரை என்று நண்பர்கள் பிரித்துக்கொண்டோம். எங்கிருந்து தொடங்கலாம்?

பிரித்ததைக் கலைப்பதிலிருந்து தொடங்குங்கள். கவுன்சிலர் ஆனதற்காக மட்டும் ஒருவருக்குத் தனிக் கட்டுரை நிற்காது. அவரைப் பற்றி வேறு யாராவது விரிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வரிக் கட்டுரைகள் 66 கிடைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ‘குறிப்பிடத்தக்கமை’ அறிவிப்பு விழும். அடுத்த வாரமே குழு கலைந்துவிடும்.

ஒரே கட்டுரை போதும்: ‘தருமபுரி நகராட்சித் தேர்தல், 2022’. முதல் பத்தியில் வாக்குப்பதிவு நாள் (2022 பிப்ரவரி 19), எண்ணிக்கை நாள் (பிப்ரவரி 22), மொத்த வார்டுகள். அடுத்து கட்சிவாரி எண்ணிக்கை. அதன்பின் வார்டு அட்டவணை. கடைசியாக, கவுன்சிலர்கள் கூடித் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்த மார்ச் 4 மறைமுகத் தேர்தல். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் பிப்ரவரி 22-லேயே தலைவர் தேர்வானதுபோல் கட்டுரை நிற்கிறது.

வார்டு அட்டவணைக்கு இந்தப் பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்) வேண்டும்: வார்டு எண், இட ஒதுக்கீடு, வென்றவர், கட்சி, வாக்கு, இரண்டாம் இடம், கட்சி, வாக்கு, வித்தியாசம், குறிப்பு. வாக்குப் பத்தியில் எண்ணைத் தவிர எதையும் போடாதீர்கள். ‘812 (தபால் 3)’ என்று ஒரு கட்டத்தில் எழுதினாலும், வரிசைப்படுத்தும் அட்டவணை அந்தப் பத்தியை எழுத்தாக எடுத்துக்கொண்டு 95-ஐ 812-க்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். தபால் வாக்கு, குலுக்கலில் வென்றது, போட்டியின்றித் தேர்வானது எல்லாம் குறிப்புப் பத்திக்குத்தான். போட்டியின்றி வந்தவருக்கு வாக்கு ‘0’ என்று போடுவது தவறு. அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும். வேட்பாளர் இறந்து தேர்தல் தள்ளிப்போன வார்டு இருந்தால் அதையும் குறியுங்கள். இல்லையென்றால் கட்சிவாரிக் கூட்டல் மொத்த வார்டு எண்ணிக்கையோடு ஒத்துவராது. யாராவது வந்து ‘திருத்திவிட்டு’ப் போவார்கள்.

ஆசிரியர், கிருஷ்ணகிரி: 2011 முடிவையும் 2022 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வார்டு எந்தக் கட்சிக்கு மாறியது என்று காட்டலாமா?

காட்டக் கூடாது. சட்டமன்றத் தொகுதிக் கட்டுரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆசை வரும். இடையில் 2017-ல் வார்டு மறுவரையறைக்கென்று தனிச் சட்டம் வந்து, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். 2011-ன் 12-ஆம் வார்டும் 2022-ன் 12-ஆம் வார்டும் எண்ணால் ஒன்று. தெருக்கள் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பெண்களுக்கான ஒதுக்கீடும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்திருக்கிறது.

தலைவர் பதவியையும் ஒப்பிட முடியாது. 2011 அக்டோபரில் மக்களே நகராட்சித் தலைவருக்கு நேரடியாக வாக்களித்தார்கள். 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல். ஆகவே 2011 கட்டுரையில் தலைவர் தேர்தலுக்கு வாக்கு எண்ணிக்கையோடு தனி அட்டவணை வரும், 2022-க்கு வராது. ‘முந்தைய தேர்தல்’ என்ற இடத்தில் 2016 என்று நிரப்பியிருப்பதையும் பார்க்கலாம். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளுக்கு அறிவித்த உள்ளாட்சித் தேர்தலை அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நகராட்சிகளைப் பொறுத்தவரை 2022-க்கு முந்தைய தேர்தல் 2011-தான். ஓசூருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: 2011-ல் அது நகராட்சி, 2019-ல் மாநகராட்சி ஆனது. எனவே 2022-ல் 45 வார்டுகளுக்கு நடந்ததுதான் மாநகராட்சியாக அதன் முதல் தேர்தல். இரண்டையும் ஒரே தலைப்பில் கோக்காதீர்கள்.

கடைக்காரர், பாலக்கோடு: கூட்டணி என்று ஒரு பத்தி சேர்க்கலாமா?

சேர்த்தால் தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இது பெரிய பொறி. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலிலும் 2021 சட்டமன்றத் தேர்தலிலும் பா.ம.க., அ.தி.மு.க. அணியில் இருந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் பா.ம.க. தனி, பா.ஜ.க. தனி. பழைய அட்டவணையை நகலெடுத்தால் கூட்டணி நிறமும் சேர்ந்தே வந்துவிடும். கட்சிப் பத்தியில், முடிவுத் தாளில் எந்தக் கட்சி என்று இருக்கிறதோ அது மட்டும். சின்னக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றிருந்தால் அதைக் குறிப்பில் சொல்லிவிடலாம். கூட்டணி பற்றிய பேச்சை அட்டவணைக்கு மேலே ஒரு உரைப்பத்தியில், மேற்கோளோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கணினிப் பயிற்றுநர், கிருஷ்ணகிரி: எண்ணிக்கை நாளன்று இருபது மாணவர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் ஏற்றப் போகிறோம். என்ன முன்னேற்பாடு வேண்டும்?

முதல் தடை முடிவு வருவதற்கு முன்பே வரும். ஒரே வைஃபையில், அதாவது ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் புதிதாகத் தொடங்க விக்கிப்பீடியா விடாது. ஏழாவது மாணவர் ‘பிழை’ என்று கையைத் தூக்குவார். ஒரு வாரம் முன்பே அவரவர் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். அல்லது இடம், தேதி, ஐபி முகவரியைக் கொடுத்து வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே கேளுங்கள். எங்கே கேட்பது என்று ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) கேட்டால் சொல்வார்கள். அன்று காலையில் கேட்டால் நடக்காது. மாணவர்கள் சொந்த செல்பேசி இணையத்தில் தொடங்கினாலும் வேலை முடியும்.

இரண்டாவது, தொகுத்தல் முரண். இருபது பேர் ஒரே அட்டவணையைத் திறந்தால் முதலில் சேமித்தவருடையது நிற்கும். மற்றவர்களுக்கு முரண் என்று வரும். அதைப் படிக்காமல் தன் நகலை மேலே ஒட்டிச் சேமிக்கும் மாணவர் பத்து வார்டுகளைத் துடைத்துவிடுவார். அதனால் விக்கிக்குள் எழுதுபவர்கள் மூன்று பேர் மட்டும். மற்றவர்கள் ஒரு பகிர்வு விரிதாளில் நிரப்பட்டும். அட்டவணையையும் 1–11, 12–22, 23–33 என்று மூன்று உட்தலைப்புகளாக உடைத்து, ஆளுக்கு ஒரு பகுதியை அந்தந்தத் தலைப்பின் ‘தொகு’ வழியாகத் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

வெற்றுச் சட்டகத்தை முந்தைய நாளே மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் சோதனைப் பக்கம்) தயாராக வையுங்கள். வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்தவுடன் பெயர்களை நிரப்பிவிடலாம்; அன்றைக்கு எண்கள் மட்டுமே பாக்கி இருக்கும். சரிபார்க்க இருவர் வேண்டும்: ஒருவர் முடிவுத் தாளைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். எல்லா வேட்பாளர் வாக்கையும் கூட்டினால் தாளில் உள்ள செல்லும் வாக்கு வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் ஒரு சுயேச்சை விட்டுப்போயிருப்பார், அல்லது தபால் வாக்கு இரண்டு முறை ஏறியிருக்கும். ‘முன்னிலை’ என்று தொலைக்காட்சியில் ஓடுவதை யாரும் ஏற்றக் கூடாது. வென்றதாக அறிவித்த பிறகுதான் பெயர். சட்டமன்றத் தேர்தல் அட்டவணையை நகலெடுத்திருந்தால் நோட்டா வரிசையை நீக்கிவிடுங்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் நோட்டா கிடையாது.

ஊராட்சி எழுத்தர், காரிமங்கலம்: ஊராட்சித் தலைவர்களையும் இப்படிக் கட்சிவாரியாகத் தொகுக்கலாமா?

முடியாது. ஊராட்சித் தலைவரும் ஊராட்சி வார்டு உறுப்பினரும் கட்சிச் சார்பற்ற பதவிகள். ஊருக்கே கட்சி தெரிந்திருந்தாலும் வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் இல்லை. மஞ்சள் சீட்டில் வரும் மாவட்ட ஊராட்சி வார்டு, பச்சைச் சீட்டில் வரும் ஒன்றிய வார்டு, இவை இரண்டும்தான் கட்சி அடிப்படை. அந்த இரண்டுக்கும் அட்டவணை போடுங்கள். தருமபுரி மாவட்டத்தின் 251 ஊராட்சிகளுக்கும் தனித்தனி முடிவுக் கட்டுரை என்று இறங்கினால் கரையேற முடியாது. அந்தந்த ஊராட்சிக் கட்டுரையில் ஒரு வரி போதும். அதிலும் கவனம்: 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ‘தற்போதைய தலைவர்’ என்று எழுதாமல் ‘2020 முதல் 2025 வரை’ என்று எழுதுங்கள்.

இல்லத்தரசி, அரூர்: வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ள வழக்கு விவரங்களைச் சேர்க்கலாமா?

கூடாது. தீர்ப்பு வராத வழக்கை, பத்திரம் ஒன்றை மட்டும் ஆதாரமாக வைத்து, உயிரோடு இருப்பவர் பெயரில் ஏற்றாதீர்கள். அதில் உள்ள வீட்டு முகவரியும் செல்பேசி எண்ணும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

புகைப்படக் கலைஞர், காவேரிப்பட்டணம்: படம் எங்கிருந்து எடுப்பது?

உங்கள் கேமராவிலிருந்து. நாளிதழ்ப் படம், கட்சிச் சுவரொட்டி, முகநூல் படம் மூன்றும் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்கள் ஏற்றும் தளம்) நீக்கப்படும். நகராட்சி அலுவலகம், வாக்குச்சாவடியின் வெளித்தோற்றம், பிரசார வண்டி போதுமானவை. சாவடிக்குள் கேமரா கொண்டுபோகாதீர்கள். வார்டு வரைபடத்தை அரசுத் தாளிலிருந்து ஸ்கேன் செய்து போடாமல், எல்லை விவரத்தைப் படித்துப் புதிதாக வரைந்து எஸ்விஜி கோப்பாக ஏற்றுங்கள். கட்சி நிறத்தோடு வார்டு எண்ணும் எழுத்தில் இருக்கட்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் உண்டு.

பொறியாளர், ஓசூர்: இங்கே தெலுங்கு, கன்னட விக்கிப்பீடியாவிலும் எழுத ஆள் இருக்கிறார்கள். மூன்று முறை தட்டச்சு செய்ய வேண்டுமா?

எண்களை ஒரு முறை விக்கித்தரவில் (எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம்) ஏற்றுங்கள். தேர்தலுக்கு ஒரு உருப்படி, அதாவது ஒரு தரவுப் பக்கம். அதில் தேதி, இடம், முந்தைய தேர்தல். வார்டு அளவுக்கு இறங்குவதென்றால் ஒவ்வொரு வார்டுத் தேர்தலுக்கும் ஓர் உருப்படி போட்டு, வேட்பாளர் (விக்கித்தரவுக் குறியீடு பி726) என்ற கூற்றின் கீழ் பெற்ற வாக்கை (பி1111) அதற்கான கூடுதல் விவரமாகக் கொடுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் மேற்கோள் வேண்டும். இந்த உழைப்பு 45 வார்டுக்கும் தேவையா என்றால், என் கணிப்பில் இல்லை. மேயர் தேர்தலும் கட்சிவாரி மொத்தமும் போதும். பெயர்களை மட்டும் கவனியுங்கள்: ஆங்கிலப் பட்டியலிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால் முதலெழுத்து மாறிவிடும். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தமிழ்ப் பட்டியலையே பாருங்கள். ஒசூர், ஓசூர் எதைத் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும்படி வழிமாற்று வையுங்கள்.

வட்டச் செயலாளர், தருமபுரி: கட்சிக்காரன் எழுதலாமா?

கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் உங்கள் கட்சியைச் சொல்லிவிட்டு, எழுத்துப்பிழையையும் தவறான எண்ணையும் சுட்டிக்காட்டுங்கள். கட்டுரையில் கை வைக்க வேண்டாம். ‘அமோக வெற்றி’ போன்ற புகழ்ச்சி எழுத்தில் தானாக வந்துவிடும்.

நூலகர், பென்னாகரம்: மேற்கோள் இணைப்பு ஓராண்டில் செத்துப்போகிறதே?

தேர்தல் இணையதளங்கள் அடுத்த தேர்தல் வந்ததும் பக்கத்தை மாற்றிவிடுவது வழக்கம். முடிவுப் பக்கத்தை ஏற்றிய அன்றே வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் தளம்) சேமித்து, அந்த முகவரியையும் மேற்கோளில் கொடுங்கள். 33 வரிக்கும் ஒரே பக்கம்தான் ஆதாரம் என்றால் மேற்கோளுக்கு ஒரு பெயர் வைத்து, அடுத்தடுத்த இடங்களில் அந்தப் பெயரை மட்டும் போட்டால் போதும். இணைப்பு மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். சேமித்த நகலைத் திறந்து பாருங்கள்: வார்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே விரியும் பக்கங்களில் எண்கள் நகலில் பதியாமல் போவதுண்டு. அப்படியானால் வார்டு வாரியாகச் சேமிக்க வேண்டும். அல்லது மறுநாள் நாளிதழின் பெயர், தேதி, பக்க எண்ணை இரண்டாவது மேற்கோளாகச் சேருங்கள். உங்கள் நூலகத்தில் நாளிதழ்களைக் கட்டி வைப்பீர்கள் என்றால் 2022 பிப்ரவரி 23, மார்ச் 5 இரண்டு நாள் இதழ்களையும் எடைக்குப் போட்டுவிடாமல் பாருங்கள்.