வீட்டு சீலிங்கில் குடியேறிய மரநாயைக் கொல்லாமல் எப்படி வெளியேற்றுவது?

கேள்வியில் சொல்லியிருக்கும் நிலைமை இது: கும்பகோணத்துக்கு வெளியே வயலை மனை போட்ட ஒரு நகரில் வீடு. மாடியில் இரும்புச் சட்டத்தின் மேல் ஷீட் கூரை, அதற்கடியில் ஜிப்சம் சீலிங். ராத்திரியானால் மேலே தடதடவென்று ஓட்டம், சீலிங் ஓரத்தில் மஞ்சள் கறை, சகிக்க முடியாத நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் கூண்டு வைத்துப் பிடித்துக் கொள்ளிடக் கரையில் விட்டுவிடலாம் என்கிறார். அம்மா, அதன் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்கிறார்.

கூண்டும் வேண்டாம், கொள்ளிடமும் வேண்டாம். அது உள்ளே வரும் சந்து எது என்று கண்டுபிடித்து, அது வெளியே போயிருக்கும் நேரத்தில் அடையுங்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதற்காகத்தான்.

தஞ்சாவூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். "அண்ணே, மரநாய்க் கூண்டு ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்று யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அடித்துக் கொடுத்தால் எனக்குக் காசுதான், ஆனாலும் கொடுப்பதில்லை. முதல் காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று எதைச் சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறியில் சிக்க வைப்பது, இரை வைத்து இழுப்பது எல்லாமே அதில் அடக்கம். மரநாய் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணி. "பத்திரமாத்தானே கொண்டுபோய் விட்டேன்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அது வனத்துறையின் வேலை.

சட்டத்தை விடுங்கள், கூண்டால் காரியமும் ஆகாது. சந்து திறந்தே இருக்கிறது, உள்ளே பழைய வாடை இருக்கிறது, கொல்லையில் பப்பாளியும் வாழையும் இருக்கின்றன. குடியிருந்தவரைக் காலி செய்துவிட்டு வாசலில் 'டு லெட்' பலகையை மாட்டி வைத்த மாதிரிதான், அடுத்த மரநாய் வந்துவிடும். கொள்ளிடக் கரையில் விடப்பட்டதற்கும் அங்கே எது இரை, எங்கே பதுங்கலாம் என்று ஒன்றும் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் மரநாயும் தெருநாய்களும் அதைச் சும்மா விடாது. பிடிபட்டது தாயாக இருந்தால் இன்னும் மோசம். குட்டிகள் சீலிங்கின் மேலேயே பட்டினி கிடந்து சாகும். அந்த நாற்றம் தாங்காமல் சீலிங்கையே பிரித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் மேலே இருப்பது மரநாய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுரண்டலும் கொறிக்கும் சத்தமும் என்றால் எலி. பகலிலும் ஓட்டம் என்றால் பெரும்பாலும் அணில். கனமாக, ஆள் நடப்பது போல, இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் கேட்டால் மரநாய். கைப்பிடிச் சுவர் மேல் கொட்டை கொட்டையாக எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பழத்தைத் தின்று விதையை அப்படியே கழிக்கிற பிராணி அது. எலி, பூச்சி, பல்லி, முட்டை எதையும் விடாது, ஆனால் முதல் விருப்பம் பழம்தான். சிலர் இதைப் புனுகுப் பூனை என்பார்கள். அது வேறு, உடம்பில் வரியும் புள்ளியும், வாலில் வளையமுமாக இருக்கும், பெரும்பாலும் தரையில்தான் திரியும். மயிலாடுதுறை கூறைநாட்டில் புனுகீஸ்வரர் கோயில் இருக்கிறதே, சிவனுக்குப் புனுகு சாத்தி வழிபட்டதாகச் சொல்லப்படும் பூனை அதுதான். நம் சீலிங்கில் குடியிருப்பதற்கு அந்தப் பெருமை கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேலிருந்து பாம்பு சீறுவது போல 'உஸ்ஸ்' என்று விடாமல் கேட்டால் பலர் பயந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கூகை என்கிற ஆந்தையின் குஞ்சாக இருக்கும். கீழே எலி முடியும் எலும்புமாக உருண்டைகள் கிடந்தால் கூகைதான். அதைத் தொடவே தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்துபோக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அதற்குப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். சாவுக்குருவி என்று கல் எறிகிறவர்கள் நம் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். எலியைப் பிடிப்பதற்காக அதே கூகை வந்து உட்காரட்டும் என்றுதான் விவசாயிகள் வயலில் குச்சி நட்டு வைக்கிறார்கள்.

அடுத்து வழியைக் கண்டுபிடிப்பது. இதற்குக் கேமராவெல்லாம் தேவையில்லை, கோலமாவு போதும். சந்தேகப்படும் இடங்களில் சாயங்காலம் மெல்லிசாகத் தூவி வையுங்கள், காலையில் தடம் விழுந்திருக்கும். பூனைத் தடத்தில் நான்கு விரல்தான் தெரியும், நக அடையாளம் இருக்காது. மரநாய்க்கு ஐந்து விரல். எங்கே தூவுவது என்றால், ஷீட் கூரை வீடுகளில் நான் பார்த்தவரை மூன்று இடங்கள்தான். ஷீட்டின் நெளிவு சுவரில் உட்காரும் இடத்து இடைவெளி, முகட்டுத் தகட்டின் இரண்டு முனைகள், ஏசி குழாய்க்குத் துளை போட்டுவிட்டுப் பூசாமல் விட்ட இடம். பழைய ஓட்டு வீடாக இருந்தால் நகர்ந்த ஓடும், வாரியில் உளுத்துப்போன பலகையும். அந்த இடங்களில் சுவரும் ஷீட்டும் உரசி உரசிக் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். நம் பக்கத்தில் ஷீட் போடுகிறவர்கள் நெளிவு இடைவெளியை அடைப்பதே இல்லை. கேட்டால் காற்று வரட்டும் என்பார்கள். காற்று வரட்டும், வலை வழியாக வரட்டும்.

இப்போது முக்கியமான விஷயம், குட்டி. மரநாய் குட்டி போட இன்ன மாதம் என்று கிடையாது. ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து குட்டி வரை போடும். மேலே கீச்சுக் கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்கிறதா, இருட்டிய பிறகு தாய் போனதும் அது கூடுகிறதா என்று சில இரவு கவனியுங்கள். முடிந்தால் சீலிங்கின் சோதனைக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கையை விடாதீர்கள். குட்டி இருந்தால் எதையும் அடைக்கக் கூடாது. தாய்க்கு ஒரே இடம் அல்ல, பகலில் படுக்க நாலைந்து இடங்கள் வைத்திருக்கும். மேலே விளக்கைப் போட்டு விடுங்கள், பகலில் ஒரு ரேடியோவைப் பேசவிடுங்கள். தொந்தரவு தாங்காமல் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அதுவே வேறிடம் பார்த்துப் போவதுண்டு. போகவில்லையா, குட்டிகள் தாய் பின்னால் நடந்து வெளியே வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். கீழே விழுந்த குட்டியைக் கண்டால் கையுறை போட்டு எடுத்து, ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். பசும்பால் கொடுக்க வேண்டாம். ராத்திரி தாய் வந்து எடுத்துக்கொண்டு போகும். வரவில்லை என்றால் வனச்சரகர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

குட்டி இல்லை என்று தெரிந்த பிறகு, பிரதான சந்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பகலில் அடைத்துவிடுங்கள். அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ் வாங்குங்கள். கோழி வலை வேண்டாம், எலியே கடித்துப் பிரித்துவிடும். மெஷ்ஷை ஆணியில் மாட்டினால் நிற்காது. ஓரத்துக்கு ஜிஐ பட்டை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) வைத்து ஸ்க்ரூ முடுக்கச் சொல்லுங்கள். மீதி ஒரு சந்துக்கு, மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ஒரு மெஷ் கதவு. உள்ளிருந்து தலையால் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் சட்டத்தில் முட்டி நிற்கும். மெஷ் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளில் எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். கதவு கனமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சில இரவுகள் அப்படியே விட்டு, உட்பக்கம் கோலமாவில் புதுத் தடம் இல்லை, சத்தமும் இல்லை என்று ஆன பிறகு அதையும் நிரந்தரமாக மூடிவிடுங்கள். கதவு செய்யச் சோம்பலாக இருந்தால், சந்தில் செய்தித்தாளைச் சுருட்டித் தளர்வாகச் செருகுங்கள். தொடர்ந்து சில இரவு அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம்.

பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், மிளகாய்ப்பொடி எல்லாம் பலர் சொல்வார்கள். பாச்சை உருண்டை வாசம் மரநாய்க்கு முன்னால் உங்களுக்குத்தான் தலைவலியைத் தரும். மண்ணெண்ணெயை மின்சார வயர் ஓடும் சீலிங்கில் தெளிப்பவரிடம் பேசவே எனக்கு இஷ்டமில்லை.

எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது காய்ந்ததைப் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். முகக்கவசம் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுங்கள். ஊறிப்போன ஜிப்சம் பலகையைக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாடையை எடுக்காமல் விட்டால் புதிதாக ஒன்று வந்து சந்து தேடும்.

கூரையைத் தொடும் கிளையை இரண்டு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். தென்னை கூரையோடு ஒட்டி நின்றால் மட்டையை வெட்டிப் பிரயோஜனமில்லை; ஆள் உயரத்துக்கு மேலே தண்டைச் சுற்றி ஒரு தகரம் அடியுங்கள், எலிக்குக் கட்டுவார்களே, அதேதான். கொல்லையில் விழும் பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்குங்கள், நாய்க்கு வைக்கும் சோற்றை ராத்திரி வெளியே விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு அங்கிருந்து சீலிங் புகார்கள் என் பட்டறைக்கு அதிகம் வந்தன. பொந்து இல்லாவிட்டால் கூரை என்று அவை கணக்குப் போட்டிருக்கலாம், இது என் ஊகம்தான்.

எலி விஷம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலியும் பெருச்சாளியும் மனைப் பக்கம் திரும்புவது நம் டெல்டாவில் வழக்கம். உடனே கடையில் புரோமடியோலோன் கட்டி வாங்கி வைக்கிறார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு சில நாள் திரியும். அதைப் பிடித்துத் தின்ற கூகையும் மரநாயும் பூனையும் சேர்ந்து சாகும். பசைப் பலகையும் அப்படித்தான், எலியை விட அரணையும் பல்லியும்தான் அதிகம் ஒட்டும். ஏதாவது உயிரோடு ஒட்டியிருப்பதைக் கண்டால் பிய்க்காதீர்கள், சமையல் எண்ணெயை ஊற்றி மெல்ல மெல்ல விடுவியுங்கள். வயலில் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் எலிக்குப் பொறி வைத்தே தீர வேண்டுமென்றால் உடனடியாகக் கொல்லும் பொறி வைப்பதுதான் விஷத்தை விட மேல்.

எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் மேடான மனைகளுக்கு ஏறும். கழிவுநீர்த் துளைக்கு ஜாலி போடுங்கள், கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள், செங்கல் குவியலையும் தேங்காய் மட்டையையும் சுவரோரம் போடாதீர்கள். கட்டு விரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது, கட்டிலும் கொசுவலையும் இருந்தால் பெரும்பகுதி பயம் தீர்ந்தது. பூண்டு, உப்பு, கார்பாலிக் அமிலம் எதுவும் பாம்பைத் தடுக்காது. வீட்டுக்குள் வந்துவிட்டால் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று ஒருவர் கண் வைத்துக்கொள்ள, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் போன் செய்யட்டும்.

குரங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கும்பகோணத்துக்காரர் என்பதால் ஒரு வரி: சோறு போடுவதை நிறுத்தாமல் ஒரு கூட்டத்தைப் பிடித்துப் போனால் அந்த இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். எந்தப் பிராணி கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

இன்று சாயங்காலம் மாவைத் தூவிப் பாருங்கள். தடத்தின் படத்தையும், சந்தின் நீள அகலத்தையும், ஷீட் எந்த வகை என்பதையும் இந்தப் பதிலுக்குக் கீழே போட்டால் எத்தனை அடி மெஷ், எந்த அளவு கீல் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.