வேலூர்ப் பக்கம் எடுத்த ரயில் படம், ஊர்ப்பலகை இல்லை. எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் சொல்லும் படம் இது: மணல் மட்டும் கிடக்கும் ஆறு, பாலத்தில் ரயில், பின்னால் பாறைக் குன்று.

குன்றை முதலில் மறந்துவிடுங்கள். ஆம்பூர் முதல் சோளிங்கர் வரை பார்த்த இடமெல்லாம் அதே பாறைதான். ஜூம் லென்ஸில் எடுத்திருந்தால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைகூட ரயிலின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இன்ஜினில் எழுதியிருக்கும் ஷெட் (இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனை) பெயரையும் நம்ப வேண்டாம். அரக்கோணம் ஷெட் இன்ஜின் அரக்கோணத்தில்தான் ஓட வேண்டும் என்று சட்டமில்லை.

தண்டவாளத்தை எண்ணுங்கள். ஒற்றைப் பாதை என்றால், காட்பாடிக்கும் வேலூர் கன்டோன்மென்டுக்கும் நடுவே பாலாற்றைக் கடக்கும் விழுப்புரம் பாதையை முதலில் பாருங்கள். இரட்டைப் பாதை என்றால் சென்னை - ஜோலார்பேட்டை மெயின் லைன். முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையில் உள்ள பொன்னை ஆற்றுப் பாலத்தில் தொடங்குங்கள். ஆற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் இரண்டாவது பாதை மறைந்துபோகும், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அப்போது மின்கம்பங்கள் ஒரு வரிசையா, இரண்டு வரிசையா என்று பாருங்கள்.

அடுத்தது வெயில். பாலாற்றுப் பாலம் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது, பொன்னைப் பாலம் கிழக்கு மேற்காக. காலையில் எடுத்த படத்தில் இன்ஜினின் முகத்தில் நேராக வெயில் அடித்தால் அது கிழக்கே, அதாவது சென்னைக்குப் போகும் ரயில். பாலாற்றுப் பாலத்தில் அதே நேரத்தில் பெட்டிகளின் ஒரு பக்கம்தான் பளிச்சென்று இருக்கும். நண்பகல் நிழலில் கவனம் தேவை. 'நிழல் வடக்கே விழும்' என்ற விதி ஐரோப்பாவுக்குச் சரி. வேலூர் 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும். மே மாதப் படத்தை அந்த ஐரோப்பிய விதியை வைத்துப் பார்த்தால் ஆற்றின் எதிர்க்கரையில் போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரட்டைப் பாதையில் நம் ரயில்கள் இடப்பக்கம் ஓடும். எனவே உங்களை நோக்கி வரும் ரயில் படத்தில் வலப்பக்கத் தண்டவாளத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தால், பெட்டியில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

மின்கம்பத்தில் உள்ள சின்னத் தகட்டைப் பெரிதாக்கிப் படிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. 118/12 என்பது போல இருக்கும்; முன்னால் இருப்பது கிலோமீட்டர், பின்னால் இருப்பது கம்பத்தின் வரிசை எண். மெயின் லைனில் சென்னையிலிருந்து அரக்கோணம் 69, காட்பாடி ஏறத்தாழ 130, ஜோலார்பேட்டை 213 கிலோமீட்டர். விழுப்புரம் பாதைக்கு இந்தக் கணக்கு செல்லாது. எண் தெரியாவிட்டாலும் கம்பங்கள் அளவுகோல்தான்: இரண்டுக்கும் நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் இன்னும் நெருக்கம். ரயில்வே கேட்டிலிருந்து பாலம் வரை பத்து இடைவெளி என்றால் 600, 700 மீட்டருக்குள் தேடலாம்.

கடைசியாகத் தூண்கள். செயற்கைக்கோள் படத்தில் பாலத்தை நேர்மேலிருந்து பார்த்தால் தூண் தெரியாது. மணலில் விழும் நிழலை எண்ணுங்கள். 2021 டிசம்பரில் பொன்னைப் பாலத்தில் பழுது கண்டு ரயில்கள் ரத்தானபோது நெருக்கத்தில் எடுத்த செய்திப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், தூணின் வடிவத்தை ஒப்பிட அவை போதும். மணலோடு திருவலம் இரும்புச் சாலைப் பாலமும் படத்தின் ஓரத்தில் தலைகாட்டினால் இவ்வளவு மெனக்கெடவே வேண்டாம்.

இரண்டு பாலமும் ஒத்துவரவில்லையா? மெயின் லைனைப் பிடித்துக்கொண்டு மேற்கே நகர்ந்து, ஆறும் ஓடையும் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். குன்றை இப்போது எடுக்கலாம்: கூகுள் எர்த்தில் பாலத்தருகே தரைமட்டத்துக்கு இறங்கி, உயர மிகைப்பை (மலைகளை உள்ளதைவிட உயரமாகக் காட்டும் அமைப்பு, Elevation Exaggeration) 1இல் வைத்து, மலையின் விளிம்புக் கோட்டைப் படத்தோடு பொருத்திப் பாருங்கள்.