பால்பல் சொல்வதை ரத்தம் ஏன் சொல்வதில்லை?

ஊரிலிருந்து வந்த, ஈயம் கலந்திருக்கக்கூடிய சுர்மா என்ற கண்மையைப் பிள்ளைக்குப் போட்டு, நிறுத்தி ஆறு மாதமாகிறது. பலதுறை மருந்தகம் வழியாக எடுத்த ரத்தச் சோதனையில் ஈயம் குறைவு, அப்படியானால் பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிதாக ஈயம் உள்ளே போகவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் பழையதை அந்த எண் காட்டாது. ரத்தத்தில் உள்ள ஈயம் சுமார் 35 நாளில் பாதியாகிவிடும். எலும்பும் பல்லும் அதைக் கால்சியம் என்று நம்பி ஏமாந்து, ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும்.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் பிடித்துக்கொண்டது இதைத்தான். மாசசூசெட்ஸில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுந்த பால்பற்களை வாங்கி, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஈயத்தை அளந்தார். 1979இல் முடிவு வெளியானது. ஈய நச்சின் அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகள்தான். ஆனாலும் ஈயம் மிகுந்த 58 பேர், குறைந்த 100 பேரைவிட நுண்ணறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்று தெரியாத ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கவனம் சிதறுவதாகக் குறித்திருந்தார்கள்.

மறுசோதனை என்றால் கையிலுள்ள ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய ஈயத் தூளே எண்ணை ஏற்றிவிடும். அமெரிக்கா 2021 முதல் சொல்லும் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் என்பது கவனிக்கவேண்டிய எல்லை, பாதுகாப்பான அளவல்ல. இரும்புச்சத்தையும் கூடவே பாருங்கள். அது குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.