அந்த நோட்டை ஏன் திறக்கவில்லை?

கேள்வி: மகள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறாள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்திருக்கிறது. ‘அது வெறும் பிராஞ்சு, ஆராய்ச்சியெல்லாம் பெயருக்குத்தான்’ என்கிறார் என் மைத்துனர். வழிகாட்டப்போகும் பேராசிரியரின் கட்டுரைகளை மகள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். எனக்குப் புரியாது என்று பார்க்கவில்லை. அனுப்பலாமா?
- ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, அனுப்புவதை அப்புறம் பேசுவோம். அந்த நோட்டை ஏன் திறக்கவில்லை? உங்களுக்குப் புரியாதது மைத்துனருக்கு மட்டும் புரிந்துவிட்டதா? வில்லங்கம் பார்க்காமல் தாமிரபரணிக் கரையில் ஒரு துண்டு வயல் வாங்குவீர்களா? மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிற தகப்பன்மார், பெற்ற பெண்ணிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பதில்லை. இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பெற்றவன் கடமை பணம் கட்டுவதோடு தீராது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. கிளை வளாகங்கள் பெரும்பாலும் பாடம் நடத்தத்தான் தொடங்கப்படுகின்றன. ஆராய்ச்சி பிறகு வரும்; சில இடங்களில் வராமலே போகும். ஆனால் இந்த வளாகம் 2000-ல் தொடங்கி, 2005-ல் கோலாலம்பூர் அருகேயுள்ள செமினிக்குப் போனது. நேற்று முளைத்ததல்ல.

மீதி அந்த நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர்கள் பெயரோடு அவர்கள் வேலை செய்யும் இடமும் அச்சாகியிருக்கும். அது மலேசிய வளாகமாக இருந்து, அங்குள்ள மாணவர்கள் பெயர் முதலில் வந்திருந்தால், வேலை அங்கேயே நடக்கிறது. எல்லாவற்றிலும் இங்கிலாந்து முகவரிதான் என்றால், கருவிகள் எங்கே இருக்கின்றன, பக்கத்தில் நின்று யார் சொல்லித்தருவார்கள் என்று அவள் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் மொத்தக் கட்டுரைக் கணக்கைக் காட்டினால் மயங்காதீர்கள். தாய் வளாகத்தின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கும்.

பெரிய பெயர் இருந்தாலும் வளாகம் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. கத்தாரில் 2003 முதல் நடந்துவரும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வளாகத்தை 2028-க்குள் மூட, அமெரிக்காவிலுள்ள அதன் நிர்வாகக் குழு 2024-ல் முடிவெடுத்தது. நடுவில் மூடினால் படிப்பை எங்கே முடிக்க வைப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

சரி, இன்று ராத்திரி சாப்பிட்டதும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இது என்னதும்மா, அப்பாவுக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது அவள் கடமை. முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்பது உங்கள் கடமை. மைத்துனரை அன்றைக்குக் கூப்பிட வேண்டாம்.