இங்கிலாந்துக் கிராமத்து விடுதிகளில் மேல்தளம் ஏன் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது?

எல்லா விடுதிகளும் அப்படி இல்லை. நல்ல உதாரணம், சாமர்செட் மாவட்டத்தில் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்தில் உள்ள ‘ஜார்ஜ் இன்’ என்ற பழைய விடுதி. முன்பு அருகிலிருந்த ஹின்டன் மடத்துத் துறவிகளுடையதாக இருந்தது. கீழ்த்தளம் கல், அதன்மேல் உள்ள மரச்சட்டத் தளங்கள் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவை.

நீட்டல் வெறும் அழகுக்கு இல்லை. தரை உத்திரங்களைச் சுவரைத் தாண்டி வெளியே விட்டு, நுனியில் மேல்சுவரை நிறுத்துவார்கள். நுனியில் பாரம் அழுத்துவதால் உத்திரம் நடுவில் தொய்வது குறையும். அப்புறம், கீழே அடித்தளத்தைப் பெரிதாக்காமலே மேலே கூடுதல் இடம். இங்கே அது ரொம்பவே தேவைப்பட்டது: கம்பளிச் சந்தைக்கு வந்த வியாபாரிகள் தங்கினார்கள், சரக்கை மேல்தளத்தில் அடுக்கினார்கள். பின்முற்றத்து மரத் தாழ்வாரத்தையும் பாருங்கள். எனக்கு முகப்பைவிட அதுதான் பிடிக்கும்.