தேள் நஞ்சில் கிருமிக்கொல்லி பெப்டைடுகள்: கேள்வி பதில்

பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, பற்றிய ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் தேள் நஞ்சைப் பற்றி என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தேளின் நஞ்சு இரையைக் கொல்லத்தானே? அதில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருளுக்கு என்ன வேலை, அண்ணா?

கொடுக்கைக் கூர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாலின் கடைசிக் கணுவுக்குள் இரண்டு நஞ்சுச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாய் வழியாகக் கொடுக்கு நுனியை ஒட்டிய சின்னஞ்சிறு துளையில் வந்து திறக்கிறது. அந்த நுனி இன்று கரப்பானின் வயிற்றுக்குள் போகும், நாளைக்கு மண்ணில் உரசும். உள்ளே இருப்பதோ புரதம் நிறைந்த ஈரமான திரவம். அங்கே சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு காவல் வேண்டும். இந்தப் பெப்டைடுகளின் முதல் வேலை அதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; நானும் அந்தக் கட்சிதான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இவை செல் சவ்வைக் குலைப்பதால் நரம்பைத் தாக்கும் மற்ற நச்சுகளுக்கு வழி எளிதாகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் விஷயம் முழுமையாகாது.

கேள்வி: பாக்டீரியாவை எப்படிக் கொல்கின்றன? பென்சிலின் மாதிரியா?

இல்லை. பென்சிலினுக்குக் குறிப்பிட்ட ஒரு நொதி இலக்காக இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. லைசின் போன்ற அமினோ அமிலங்கள் நிறைய இருப்பதால் பெப்டைடுக்கு நேர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேல்பரப்பில் எதிர் மின்னூட்டம். தண்ணீரில் தளர்ந்து கிடக்கும் பெப்டைடு, சவ்வைத் தொட்டதும் சுருளாக மாறுகிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். கொழுப்பை விரும்பும் பக்கம் சவ்வுக்குள் புதைய, சவ்வு ஓட்டை விழுந்து செல் கசிந்து சாகிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஹாட்ரூரின். மெக்சிகோவின் ஹாட்ரூரஸ் அஸ்டெகஸ் என்ற தேளிலிருந்து 2000-இல் பிரித்தெடுத்தது, 41 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் கண்ணாடி பிம்பத்தை, அதாவது இடக்கை அமினோ அமிலங்களுக்குப் பதில் வலக்கை வடிவங்களை வைத்து, செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய்ப் பொருந்தித்தான் வேலை செய்கிறது என்றால் பிம்பம் பொருந்தாமல் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை, அசல் போலவே கொன்றது. அப்படியானால் தாக்கப்படுவது சவ்வேதான்.

கேள்வி: அப்படியென்றால் நம் செல்களையும் உடைக்காதா?

உடைக்கும். கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். நம் செல்லின் வெளிப்பரப்பில் மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, கொலஸ்ட்ரால் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓரளவுதான். ஹாட்ரூரினே சிவப்பணுக்களையும் உடைக்கிறது.

ஆப்பிரிக்காவின் பேரரசத் தேளில் பாண்டினின் 1, பாண்டினின் 2 என்று இரண்டு பெப்டைடுகள் இருக்கின்றன. 44 அமினோ அமிலம் கொண்ட முதலாவது சிவப்பணுவை அதிகம் தொடுவதில்லை. 24 கொண்ட இரண்டாவது நன்றாகவே உடைக்கிறது. பிறகு அந்த இரண்டாவதின் நடுவில் இருக்கும் புரோலினின் இருபக்கமும் கிளைசின் சேர்த்து மாற்றிப் பார்த்தார்கள். சிவப்பணுச் சேதம் குறைந்தது, கிருமியைக் கொல்லும் திறன் போகாமல் நிலைத்தது. இந்தத் துறையில் நம்பிக்கை தருவது இந்த மாதிரி வேலைதான்.

கேள்வி: தேளின் ரத்தத்திலும் இவை உண்டா?

உண்டு, ஆனால் அவை வேறு. வட ஆப்பிரிக்கத் தேள் ஒன்றின் ரத்தத்தில் ஆண்ட்ராக்டோனின் என்ற 25 அமினோ அமிலப் பெப்டைடு 1996-இல் கிடைத்தது. பல பூச்சிகள் தொற்று வந்த பிறகே இத்தகையவற்றைத் தயாரிக்கும். அந்தத் தேளுக்குத் தொற்று எதுவும் ஏற்படுத்தாமலே ரத்தத்தில் தயாராக இருந்தது.

கேள்வி: மலேரியாவுக்கும் தேள் நஞ்சுக்கும் தொடர்பு என்று படித்தேன். உண்மையா, சார்?

உண்மைதான். அதே பேரரசத் தேளில் 2000-இல் கண்டுபிடித்த ஸ்கார்பைன், 75 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் முன்பாதி பூச்சிகளின் செக்ரோபின் என்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடு போலவும், பின்பாதி டிஃபென்சின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லிப் பெப்டைடு போலவும் இருக்கிறது. பாக்டீரியாவையும் மலேரியா ஒட்டுண்ணியின் கொசுவுக்குள் வளரும் நிலைகளையும் தாக்கும். 2011-இல் இதைத் தயாரிக்கும்படி மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை மாற்றி, அதைக் கொசுவின் மேல் தொற்ற வைத்தார்கள். ஸ்கார்பைனோடு இன்னொரு பெப்டைடையும் இணைத்தபோது, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணிகள் 98 சதவீதம் குறைந்தன. மனிதனுக்கு ஊசி போடாமல் கொசுவுக்குள்ளேயே நோயைத் தடுக்கிற யோசனை இது. அருமையான யோசனை என்பேன்.

கேள்வி: எங்கள் பக்கம் தேளை எண்ணெயில் காய்ச்சிப் புண்ணுக்குத் தடவுவார்கள். அதில் பலன் உண்டா?

வேண்டாம். ஆய்வில் பேசுவது தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்த, அளவு தெரிந்த ஒரு மூலக்கூறை. எண்ணெயில் காய்ச்சிய தேளில் எது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதோடு ஒன்று: செந்தேள் கொட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், குழந்தையாக இருந்தால் சுத்தமாகக் கூடாது. அது இதயத்தைப் பாதிக்கும். மகாராஷ்டிராவின் மஹாடில் மருத்துவர் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரை கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றிக் காட்டிய பிறகு சிகிச்சை வெகுவாக மாறியது. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நான் பி.ஃபார்ம் மாணவி. புராஜெக்ட்டுக்கு நட்டுவாக்காலியைப் பிடித்து நஞ்சு எடுக்கலாமா?

வேண்டாம், தங்கச்சி. ஒரு தேளில் கிடைப்பது சொற்ப அளவு. அதில் ஏராளமான பொருட்கள் கலந்திருக்கும். வரிசை வெளியான சிறிய பெப்டைடு ஒன்றைச் செயற்கையாகச் செய்து வாங்குங்கள். மடகாஸ்கர் தேளின் ஐஎஸ்சிடி (IsCT) என்ற பெப்டைடில் 13 அமினோ அமிலம்தான், செலவு கட்டுப்படியாகும். ஆர்டர் போடும்போது கடைசி முனையில் அமைடு வேண்டும் என்று குறிப்பிடுங்கள். இயற்கையில் அப்படித்தான் இருக்கிறது. பாலிஸ்டைரீன் தட்டில் இந்தப் பெப்டைடுகள் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும், பாலிப்ரொப்பிலீன் தட்டு கேளுங்கள். பாக்டீரியா சோதனை செய்கிற அதே செறிவுகளில் சிவப்பணுச் சோதனையையும் செய்து, இரண்டு முடிவுகளையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்.